கேட்பது, சொல்வது, பேசுவது: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எடுப்பது?

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினை மூன்று வேலை பார்க்கிறது. இடிச் சத்தம் கேட்கிறது, பாட்டுக் கேட்கிறோம், கடைக்காரரிடம் விலை கேட்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ஹியர், லிசன், ஆஸ்க் என்று மூன்று தனிச் சொற்கள். ‘சொல்’ என்று வந்தால் ஸேயா டெல்லா என்று திணறுகிறோம். ‘பேசு’ என்று வந்தால் ஸ்பீக்கா டாக்கா என்று இன்னொரு தடுமாற்றம்.

அகராதியைப் புரட்டினால் இது தீராது. ஸே என்றாலும் சொல், டெல் என்றாலும் சொல் என்றுதான் போட்டிருக்கும். சொல்ல வந்ததை முதலில் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள் என்பேன் நான். அதில் இருப்பது ‘நான்’ஆ ‘எனக்கு’வா, ‘வருவதாக’வா ‘வர’வா என்று பார்த்தாலே பெரும்பாலான இடங்களில் ஆங்கிலச் சொல் தானாக வந்து நிற்கும். பள்ளியில் ஆங்கில இலக்கணம் படிக்கும்போது தமிழை மறந்துவிடு என்று சொல்வார்கள். இந்தச் சொற்களைப் பொறுத்தவரை அது வேண்டாத அறிவுரை.

படி 1: ‘கேள்’ என்பதை மூன்றாகப் பிரியுங்கள்

வாக்கியத்தில் ‘எனக்கு, உனக்கு, அவருக்கு’ என்று வருகிறதா? அல்லது ‘காதில் விழுந்தது’ என்று மாற்றிச் சொன்னாலும் பொருள் நிற்கிறதா? அப்படியானால் ஹியர். ‘எனக்கு ஏதோ சத்தம் கேட்டது’ என்பது ‘ஐ ஹெர்ட் எ நாய்ஸ்’. அந்தச் சத்தத்துக்காக நான் எதுவும் செய்யவில்லை, அதுவாக வந்து காதில் விழுந்தது. தமிழ் அதை ‘எனக்கு’ என்று காட்டுகிறது, ஆங்கிலம் வேறு வினையைப் போட்டுக் காட்டுகிறது.

‘நான் பாட்டுக் கேட்கிறேன்’ என்பதில் எழுவாய் ‘நான்’. ‘காது கொடுத்து’ என்று முன்னால் சேர்த்துப் பாருங்கள், பொருந்தும். இது லிசன். லிசனுக்குப் பின்னால் கேட்கப்படும் பொருள் வந்தால் நடுவில் ‘டு’ கட்டாயம்: ‘ஐயாம் லிசனிங் டு மியூசிக்’. பொருள் இல்லாமல் வந்தால் ‘டு’ வேண்டாம். ‘லிசன்!’ என்றால் போதும்.

பதிலையோ பொருளையோ எதிர்பார்த்துக் கேட்டால் ஆஸ்க். இதில் யாருக்கும் அதிகம் குழப்பம் வருவதில்லை, குழப்பம் அதற்குப் பின்னால் வரும் சொற்களில்தான். அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஒரே பாட்டுக்கே இரண்டும் வரும். டீக்கடையைக் கடக்கும்போது ஒரு பழைய பாட்டு காதில் விழுந்தால் ஹியர். வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதையே போட்டுக் கேட்டால் லிசன். வானொலியைப் போட்டு உட்கார்ந்தால் ‘லிசன் டு த ரேடியோ’. அதில் வந்த ஒரு செய்தியைச் சொல்லும்போது ‘ஐ ஹெர்ட் இட் ஆன் த ரேடியோ’.

‘பையன் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை’ என்று வீட்டில் புலம்புகிறோமே, அதுவும் லிசன்தான்: ‘ஹி நெவர் லிசன்ஸ் டு மீ’. கீழ்ப்படிவதற்கு ஒபே என்ற சொல் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பேச்சில் அதைப் போட்டால் ராணுவ வாடை அடிக்கும்.

இந்த வேறுபாடு வெறும் இலக்கணம் இல்லை. ‘ஹியரிங் டெஸ்ட்’ என்றால் காது மருத்துவரிடம் போய், ஆடியோமெட்ரி என்ற சோதனையில் எந்த அளவு சத்தம் காதில் விழுகிறது என்று பார்ப்பது. ‘லிசனிங் டெஸ்ட்’ என்றால் மொழித் தேர்வு. ஐயெல்ட்ஸ் தேர்வின் லிசனிங் பகுதியில் சுமார் 30 நிமிட ஒலிப்பதிவு, 40 கேள்விகள். பதிவை ஒருமுறைதான் போடுவார்கள். ‘எனக்கு நாளைக்கு ஹியரிங் டெஸ்ட்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அவருடைய காதைப் பற்றித்தான் கவலைப்படுவார். வெறும் ‘ஹியரிங்’ என்றால் நீதிமன்ற விசாரணையாகவும் இருக்கலாம். நீதிபதி கவனித்துத்தான் கேட்கிறார், ஆனாலும் ஆங்கிலத்தில் வழக்கை ‘ஹியர்’ பண்ணுவதுதான் மரபு. இதற்குக் காரணம் தேடாமல் அப்படியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: தொலைபேசியில் எதைச் சொல்வது

அன்றாடம் அதிகம் தவறுவது இங்கேதான். ‘கேட்கிறதா?’ என்பதற்கு ‘ஆர் யூ ஹியரிங் மீ?’ என்று வந்துவிடுகிறது. ஹியர் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை, அதனால் காதில் விழும் பொருளில் அதை ‘இங்’ சேர்த்துச் சொல்லும் வழக்கம் இல்லை. அந்த இடத்தில் ‘கேன்’ வரும்: ‘கேன் யூ ஹியர் மீ?’, ‘ஐ கான்ட் ஹியர் யூ.’

‘ஆர் யூ லிசனிங்?’ என்று இலக்கணப்படி கேட்கலாம். ஆனால் அதன் தொனி ‘நான் சொல்றதைக் கவனிக்கிறியா இல்லையா?’ என்பது. மேலதிகாரியிடம் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைக் கேட்டுவிடாதீர்கள்.

‘யுவர் வாய்ஸ் இஸ் நாட் ஹியரிங்’ என்பதை நம் ஊர் அலுவலகங்களில் தாராளமாகக் கேட்கலாம். ‘உங்க குரல் கேட்கல’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. தமிழில் குரல் கேட்கும், ஆங்கிலத்தில் ஆள்தான் கேட்க வேண்டும். ‘யூ ஆர் நாட் ஆடிபிள்’ தவறில்லை. ஆனாலும் ‘ஐ கான்ட் ஹியர் யூ’ எளிது, எல்லா நாட்டாருக்கும் இயல்பாகப் படும்.

அழைப்பை எடுத்ததும் நாம் ‘சொல்லுங்க’ என்போம். தமிழில் அது மரியாதையான சொல். அதையே ‘டெல் மீ’ என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொன்னால் அதட்டுவது போல ஒலிக்கும். ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்?’ என்று தொடங்கலாம். நடுவில் அவர் ஏதோ சொல்ல வந்தால் ‘கோ அஹெட்’.

படி 3: ஹியருக்குப் பின்னால் வரும் சிறு சொற்கள்

ஹியர் ஃப்ரம், ஹியர் ஆஃப், ஹியர் அபவுட் மூன்றும் வேறு. அவரிடமிருந்து நேரடியாகத் தகவல் வந்தால் ‘ஃப்ரம்’. அப்படி ஒருவர் அல்லது ஒன்று இருப்பதே தெரியும் என்றால் ‘ஆஃப்’. அதைப் பற்றிய செய்தி தெரியும் என்றால் ‘அபவுட்’. ‘ஐ ஹாவ் நெவர் ஹெர்ட் ஆஃப் ஹிம்’ என்றால் அப்படி ஓர் ஆள் இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

கடிதத்தின் கடைசியில் எழுதும் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பதில் பலர் ‘டு ஹியர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே ‘ஹியரிங்’ தான்.

‘கேள்விப்பட்டேன்’ என்று தமிழில் வந்தால் எப்போதும் ஹியர். இதற்கு லிசன் வரவே வராது.

தற்செயலாக அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தால் ‘ஓவர்ஹியர்’, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டால் ‘ஈவ்ஸ்ட்ராப்’. முதலாவதில் குற்றம் இல்லை. ‘ஐ ஓவர்ஹெர்ட் யுவர் கான்வர்சேஷன்’ என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு நடுவில் பேசலாம். இரண்டாவதை யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

‘நீங்க சொல்றது நல்லா இருக்கு’ என்பதற்கு ஹியரும் வேண்டாம் லிசனும் வேண்டாம். ‘தட் சவுண்ட்ஸ் குட்’ போதும். குரலை வைத்து ஒருவர் களைத்திருக்கிறார் என்று தெரிந்தால் ‘யூ சவுண்ட் டயர்ட்’.

படி 4: ஆஸ்க்

தமிழில் ‘அவரிடம் கேட்டேன்’ என்கிறோம். இந்த ‘இடம்’ தான் ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ ஆகிவிடுகிறது. ஆஸ்க்குக்கும் ஆளுக்கும் நடுவில் எதுவும் வராது: ‘ஐ ஆஸ்க்ட் ஹிம்’. பொருளைக் கேட்டால் மட்டும் ‘ஃபார்’ வரும். ‘அவரிடம் பணம் கேட்டேன்’ என்பது ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் ஃபார் மணி’.

‘டவுட் கேட்பது’ நம் வகுப்பறைகளின் தனிச் சொத்து. இந்தியாவுக்கு வெளியே ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்றால் ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ என்பதே பாதுகாப்பு.

‘ரிக்வெஸ்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ சேராது, பெயராக வரும்போது சேரும். ‘ஐ ரிக்வெஸ்டட் லீவ்’ என்று எழுதலாம், ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்றும் எழுதலாம். ‘டிமாண்ட்’ என்பது உரிமையோடும் கோபத்தோடும் கேட்பது. விடுப்புக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

‘அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்’ என்று விடைபெறும்போது சொல்கிறோமே, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் மாற்றினால், அப்பாவிடம் ஏதோ விசாரணை நடத்தியது போல ஆகிவிடும். அலுவல் முறையில் ‘கிவ் மை ரிகார்ட்ஸ் டு யுவர் ஃபாதர்’. நெருக்கமாக என்றால் ‘ஸே ஹலோ டு யுவர் டாட் ஃபார் மீ’. இதில் ஒரு வேடிக்கை: ‘ஆஸ்க் ஆஃப்டர்’ என்று ஒரு பிரயோகம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ‘டெல் ஹிம் ஐ வாஸ் ஆஸ்கிங் ஆஃப்டர் ஹிம்’ என்றால் அப்படியே நம் ‘கேட்டதாகச் சொல்’ தான். பிரிட்டிஷ்காரர்களிடம் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

படி 5: ஸேயா, டெல்லா

நான்கு தமிழ் வடிவங்களை எடுத்துக்கொள்வோம்.

‘அவர் வருவதாகச் சொன்னார்.’ யாரிடம் என்று இல்லை. ‘ஹி ஸெட் தட் ஹி வுட் கம்.’

‘அவர் என்னிடம் வருவதாகச் சொன்னார்.’ ஆள் வந்துவிட்டார். ‘ஹி டோல்ட் மீ தட் ஹி வுட் கம்.’

‘அவர் என்னை வரச் சொன்னார்.’ செய்தி இல்லை, ஏவல். ‘ஹி டோல்ட் மீ டு கம்.’

‘அவர் வரச் சொன்னார்.’ தமிழில் ஆளை விட்டுவிடலாம், புரியும். ஆங்கிலத்தில் விட முடியாது, ‘மீ’ போட்டே ஆக வேண்டும்.

ஆக, டெல்லுக்கு அடுத்து உடனே ஆள் வேண்டும். ஸேக்கு ஆள் தேவையில்லை, வேண்டுமானால் ‘டு’ போட்டுச் சேர்க்கலாம்: ‘ஹி ஸெட் சம்திங் டு மீ’. நம்மவர் அதிகம் செய்யும் தவறுகள் மூன்று: ‘ஹி டோல்ட் தட்…’, ‘ஹி ஸெட் மீ…’, ‘ஹி டோல்ட் டு மீ…’. முதலாவது எங்கிருந்து வருகிறது என்பது தெளிவு. தமிழில் ‘சொன்னார்’ என்று மட்டும் நிறுத்த முடிவதால் டெல்லையும் அப்படியே நிறுத்திவிடுகிறோம். மூன்றாவதற்குக் காரணம், மறுபடியும் அந்த ‘இடம்’.

ஆள் இல்லாமலும் டெல் வரும் இடங்கள் சில உண்டு. உண்மை, பொய், கதை, ஜோக், நேரம், வித்தியாசம் ஆகியவற்றோடு டெல்தான்: ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் த டைம்’, ‘டெல் த டிஃபரன்ஸ்’. வணக்கம், நன்றி, ஆம், இல்லை, பிரார்த்தனை ஆகியவற்றோடு ஸே. இதற்கு விதி தேட வேண்டாம், ஜோடியாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அச்சில் இருப்பதும் ‘சொல்லும்’. பலகையில் எழுதியிருக்கிறது என்பதற்கு ‘த போர்டு ஸெஸ்’. கடிகாரத்தில் மணி பத்து என்றால் ‘த கிளாக் ஸெஸ் டென்’. பலகை படிப்பவரைத் தேடிப் போய்ச் சொல்வதில்லை, அதனால் ஸே.

ஏவலில் இன்னொரு நுணுக்கம். ‘மேனேஜர் வரச் சொன்னார்’ என்பதை ‘டோல்ட் மீ டு கம்’ என்றால் கட்டளை. ‘ஆஸ்க்ட் மீ டு கம்’ என்றால் பண்பான அழைப்பு. தமிழில் இரண்டுக்கும் ‘சொன்னார்’ தான். நீங்கள் பெரியவர் ஒருவரை வரச் சொன்னதை எழுதும்போது கண்டிப்பாக ஆஸ்க் போடுங்கள். ‘ஐ டோல்ட் த டாக்டர் டு கம்’ என்று எழுதினால் டாக்டர் உங்களிடம் வேலை பார்ப்பவர் போல இருக்கும்.

படி 6: ஸ்பீக்கா, டாக்கா

இலங்கைத் தமிழருக்கு இது நம்மைவிட எளிது. யாழ்ப்பாணத்தில் சாதாரணமாக உரையாடுவதை ‘கதைப்பது’ என்கிறார்கள். ‘பேசுவது’ என்றால் அங்கே திட்டுவது என்ற பொருளும் உண்டு. மேடையில் பேசுவதும் பேசுவதுதான். கதைப்பதற்கு டாக், மேடைப் பேச்சுக்கு ஸ்பீக் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். தமிழ்நாட்டில் எல்லாமே ‘பேசு’ என்பதால், ‘அரட்டை’ அல்லது ‘உரையாடல்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் டாக்.

ஸ்பீக்கில் சற்று முறைமை இருக்கிறது. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். தொலைபேசியில் ‘மே ஐ ஸ்பீக் டு த மேனேஜர்?’ என்று கேட்பது அதனால்தான். டாக் இருபுறமும் ஓடும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்ப வேண்டாம். ‘ஐ ஸ்போக் டு ஹிம்’, ‘ஐ டாக்ட் டு ஹிம்’ இரண்டையும் பல இடங்களில் மாற்றிப் போட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மாற்றவே முடியாத இடம் மொழி. ஒரு மொழி தெரியும் என்றால் ஸ்பீக் மட்டும்தான்: ‘ஷி ஸ்பீக்ஸ் தமிழ்’. இன்னொரு பக்கம், அபத்தமாகவோ அறிவோடோ பேசுவது, அரசியல் பேசுவது எல்லாம் டாக்: ‘டாக் நான்சென்ஸ்’, ‘டாக் சென்ஸ்’, ‘டாக் பாலிடிக்ஸ்’.

பெயர்ச்சொல்லிலும் இதே சாயல்தான். ‘ஸ்பீச்’ என்றால் மேடை, மைக், மாலை. ‘டாக்’ என்றால் சற்று நெருக்கமான உரை. 18 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கும் டெட் (TED) அமைப்பின் உரைகளை யாரும் டெட் ஸ்பீச் என்று சொல்வதில்லை. இரண்டு நாடுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தை ‘டாக்ஸ்’, பன்மையில். ஆனால் ‘அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை’ என்று நாம் சொல்வது ‘தே ஆர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டேர்ம்ஸ்’.

படி 7: ‘பற்றி’யை எப்போது விடுவது, ‘டு’வை எப்போது சேர்ப்பது

டாக்குக்குப் பின்னால் ‘அபவுட்’ வரும். டிஸ்கஸ், மென்ஷன், டிஸ்கிரைப் ஆகிய வினைகளுக்குப் பின்னால் வராது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் ‘பற்றி’ வருவதால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று கை தானாக எழுதிவிடும். ‘வி டிஸ்கஸ்ட் இட்’ என்று நிறுத்துங்கள்.

எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட் இரண்டும் நேர் எதிர், இவற்றில் ஆளுக்கு முன்னால் ‘டு’ சேர்க்க வேண்டும். ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ வராது, ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’. ‘ரிப்ளை மீ’ வராது, ‘ரிப்ளை டு மீ’. ஆனால் ‘ஆன்சர் மீ’ வரும். திட்டுவதற்கு ‘ஷவுட் அட்’. தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று கத்தினால் ‘ஷவுட் டு’. ‘ஹி ஷவுட்டட் மீ’ என்பது இரண்டிலும் சேராது.

படி 8: சத்தமும் குரலும்

மனிதக் குரல் வாய்ஸ், பொதுவான ஒலி சவுண்ட், தொந்தரவான சத்தம் நாய்ஸ். ‘சத்தம் போடாதே’ என்பது ‘டோன்ட் மேக் எ நாய்ஸ்’. ‘அலவுட்’ என்றால் உரக்கக் கத்துவது இல்லை, மனதுக்குள் இல்லாமல் வாய்விட்டு என்று பொருள். ‘ரீட் அலவுட்’ என்று ஆசிரியர் சொன்னால் காதில் விழும்படி வாசித்தால் போதும். குரலை உயர்த்தச் சொல்ல ‘ஸ்பீக் அப்’.

படி 9: காது கேளாதவரைக் குறிக்கும்போது

பழைய பாடநூல்களில் இருந்த ‘டெஃப் அண்ட் டம்’ என்ற சொல்லை இன்று எங்கும் எழுதக் கூடாது. ‘டம்’ என்பதற்கு முட்டாள் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதோடு, கேளாதவர் எல்லோரும் பேசாதவர் இல்லை. சைகை மொழியும் முழுமையான மொழிதான். இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ‘டெஃப்’, ‘ஹார்ட் ஆஃப் ஹியரிங்’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு காதிலும் பேச்சொலிக்குரிய அதிர்வெண்களில் 70 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கேட்கும் திறன் இழப்பு இருந்தால் முதலாவது, 60 முதல் 70 டெசிபல் வரை என்றால் இரண்டாவது. பேச்சுக் குறைபாட்டை ‘ஸ்பீச் அண்ட் லாங்குவேஜ் டிசபிலிட்டி’ என்று தனியாக வைத்திருக்கிறது. படிவம் நிரப்பும்போது இந்தச் சொற்களையே எழுதுங்கள். காதில் மாட்டும் கருவி ‘ஹியரிங் எய்ட்’, நாம் சொல்லும் ‘காது மெஷின்’ இல்லை. திக்குவாயை பிரிட்டனில் ‘ஸ்டாமர்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஸ்டட்டர்’.

படி 10: உச்சரிப்பு

சரியான சொல்லை எடுத்த பிறகு அதைத் தவறாக உச்சரித்தால் பலன் பாதிதான். ஹியரின் இறந்தகாலம் ‘ஹெர்ட்’, ‘ஹியர்ட்’ இல்லை. ஸேயின் இறந்தகாலம் ‘ஸெட்’, நிகழ்காலத்தில் அவர், அவள் என்று வரும்போது ‘ஸெஸ்’. லிசனில் டி ஒலிக்காது, டாக்கில் எல் ஒலிக்காது. டெஃப்பை ‘டீஃப்’ என்று இழுக்க வேண்டாம். டம்மில் கடைசி எழுத்துக்கு ஒலியே இல்லை.

சோதித்துப் பாருங்கள்

விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

‘பாட்டி பேரனுக்குக் கதை சொன்னாள்.’ ஆள் இருக்கிறார், கதையும் இருக்கிறது, இரண்டு வழியிலும் டெல்: ‘த கிராண்ட்மதர் டோல்ட் ஹர் கிராண்ட்சன் எ ஸ்டோரி.’

‘அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.’ ‘ஐ ஹெர்ட் தட் ஹி காட் மேரீட்.’

‘அவன் மூன்று மொழி பேசுவான்.’ ‘ஹி ஸ்பீக்ஸ் த்ரீ லாங்குவேஜஸ்.’

‘நான் எவ்வளவோ சொன்னேன், அவன் கேட்கவில்லை.’ இங்கே ‘ஹி டிட் நாட் ஹியர்’ என்றால் காதில் விழவில்லை என்று அவனைக் காப்பாற்றிவிடுவீர்கள். ‘ஐ டோல்ட் ஹிம் மெனி டைம்ஸ், பட் ஹி டிட் நாட் லிசன்.’

‘ஆசிரியர் கேட்ட கேள்வி எனக்குக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்லச் சொன்னேன்.’ இதில் கேட்பது இரண்டு, சொல்வது இரண்டு. முதல் ‘கேட்ட’ ஆஸ்க், ‘எனக்கு’ ஒட்டியது ஹியர். ‘மறுபடியும் சொல்’ என்பதற்கு ரிப்பீட் என்ற ஒரே சொல் போதும். ‘சொன்னேன்’ என்பது ஆசிரியரிடம் என்பதால் டெல் இல்லை, ஆஸ்க்: ‘ஐ டிட் நாட் ஹியர் த கொஸ்டின் த டீச்சர் ஆஸ்க்ட், ஸோ ஐ ஆஸ்க்ட் ஹர் டு ரிப்பீட் இட்.’